இறந்தவருக்கு விழுந்த வாக்குகள்

அந்தச் சுவரொட்டியை அவள் என் குசினிக் கதவில் விரித்துப் பிடித்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எப்ப செத்தவர்?" என்பதுதான்.

வேண்டுமென்று கேட்கவில்லை. நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் சுவரில் அவ்வளவு பெரிதாக ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தால் அந்த ஆள் உயிரோடு இல்லை என்றுதான் பொருள். கடைச் சுவர், பள்ளிக்கூட மதில், பஸ் தரிப்பிடம் என்று எங்கு போனாலும் செத்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொன்ட்ரியாலுக்கு வந்து பல வருடங்களாகியும் கண்ணுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

அவள் கோபிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். "செத்தவரோ? அது என்ரை அண்ணா. நகரசபை எலக்சன் கேக்கிறார்" என்றாள்.

அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். மொன்ட்ரியாலில் கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடியில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். அவள் அலமாரியைத் திறந்தால் எனக்குக் கேட்கும். நான் வெங்காயம் வதக்கினால் அவளுக்கு மணக்கும். இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். நான் சமையலறையில், அவள் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் வேலையில். எங்களுக்குள் கதை ஆங்கிலத்தில்தான். இரண்டு பேருக்குமே அது அரைகுறை. அதனால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். இங்கே அவள் பேச்சை என் பேச்சாகவே எழுதுகிறேன். என்னை அவள் "ஆத்தே" என்று கூப்பிடுவாள். அவர்களுடைய மொழியில் அக்கா என்று அர்த்தம். முதல்முறை கேட்டபோது, தன் அத்தையாக என்னை ஆக்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அந்த ஊரில் இதில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு வசந்தம். அவளுடைய அண்ணன் அவர்கள் நாட்டின் தென்பகுதியில் ஒரு சிறிய நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். மேயருக்கு எதிரான அணியில் நகரசபை உறுப்பினர் பதவிக்கு நின்றார். சந்தைக்கென்று ஒதுக்கிய நிலம் மேயரின் உறவினர்கள் கைக்குப் போனதைப் பற்றி மேடையில் பேசிக்கொண்டிருந்தார். அவள் அதைச் சொன்னபோது பெருமைதான் இருந்தது, பயம் இல்லை.

என் குசினி மேசையில் உட்கார்ந்து அவர்களுடைய வாக்குச்சீட்டு எப்படி என்று அவள் விளக்கினாள். அந்த நாட்களில் அங்கே சீட்டில் யாருடைய பெயரும் அச்சடித்திருக்காது. சின்னமும் இல்லை. வெறும் கோடுகள். ஜனாதிபதியிலிருந்து நகரசபை உறுப்பினர் வரைக்கும் எல்லாப் பெயர்களையும் வாக்காளரே தன் கையால் எழுத வேண்டும்.

"அவ்வளவு பேரையும் எப்படி ஞாபகம் வைச்சிருக்கிறது?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே பாட்டு" என்றாள்.

அண்ணனின் பாட்டை ஒரு சீடியில் யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த துள்ளல் மெட்டு ஒன்று, வார்த்தைகள் மட்டும் புதியவை. அண்ணனுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் ஒற்றை அசை, மணியில் ஒரு தட்டுத் தட்டியது போன்ற ஓசை. பாட்டில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும். எழுதும்போது கை தானாக அதை எழுத வேண்டும் என்பதற்காக. பாட்டு தொடங்க முன்னர் அவருடைய குரல் கொஞ்ச நேரம் பேசும். கரகரப்பான, அவசரமில்லாத குரல். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"வணக்கம் அயலவரே, நான்தான். என்னை மறந்துபோகாதேங்கோ எண்டு சொல்லுறார்."

அதை ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வைத்துத் தெருத்தெருவாகப் போவார்களாம். இங்கே அவள் சமைக்கும்போதும் துடைக்கும்போதும் அதைப் போட்டுவிடுவாள். எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். பின்னேரங்களில் மகள் பக்கத்து வீட்டில்தான் நிற்பாள். ஒரு கிழமையில் அந்தப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடத் தொடங்கிவிட்டாள். கார்டெரி என்ற பிள்ளைக் காப்பகத்தில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், வாயில் பிலிப்பைன்ஸ் தேர்தல் பாட்டு.

அண்ணன் ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிபோல ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். அவருக்கு வெளிநாட்டு அழைப்பு கட்டாது. இவள் தெப்பனேர் என்னும் மூலைக்கடையில் வாங்கிய போன் கார்டைச் சுரண்டித் திரும்ப எடுப்பாள். கோடை நேரத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் மணிக்கூடு ஒரே நேரத்தைக் காட்டும். இங்கே மாலை ஏழு என்றால் அங்கே அடுத்த நாள் காலை ஏழு. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் அந்த ஒற்றை ரிங் பழகிவிட்டது. அது கேட்டதும் நான் எழுந்து அரிசி கழுவி உலையில் போடுவேன்.

ஏப்ரல் நடுவில் ஒருநாள், வேலை முடியும் நேரத்தில், அவளைக் காணவில்லை. குளியலறையில் ஒரு வயதான பெண்மணி துவாயைச் சுற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அவளை நான் உடுப்பு மாற்றும் அறையில் கண்டேன். கையில் இன்னும் சோப்பு நுரை.

"அண்ணாவைச் சுட்டுப்போட்டாங்கள்" என்றாள்.

கூட்டமொன்று முடிந்து ஜீப்பில் வந்துகொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வளைவில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஜீப் ஓட்டியவன் பல வருடங்களாக அண்ணனோடு இருந்தவன். அவன் குதித்து ஓடிவிட்டான், பிறகு ஊரில் யாரும் அவனைக் காணவில்லை. அண்ணனின் கைத்தொலைபேசியையும் காணவில்லை. ஓட்டியவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அவளால் போக முடியவில்லை. நிரந்தர வதிவிடப் பத்திரம் அப்போதுதான் பரிசீலனையில் இருந்தது. போனால் திரும்பி வரலாமா என்பதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை. அதனால் செத்தவீட்டை அவள் தொலைபேசியில்தான் இருந்து முடித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு இருவரும் சும்மா கேட்டுக்கொண்டிருப்போம். அங்கே பல நாட்கள் உடலை வீட்டில் வைத்திருப்பார்கள். ஆட்கள் வந்து போவார்கள், சீட்டு விளையாடுவார்கள், சாப்பிடுவார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே மெல்லிய ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. கீச்கீச் என்று. முதலில் தொலைபேசி இணைப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

"அது கோழிக்குஞ்சு" என்றாள். "கொலைசெய்யப்பட்ட ஆள் எண்டால் பெட்டிக் கண்ணாடிக்கு மேலை ஒரு குஞ்சை விடுவினம். அது அரிசியைக் கொத்தக் கொத்தக் கொலைகாரன்ரை நெஞ்சிலை கொத்துமாம்."

கண்ணாடியில் அலகு படும் சத்தம்கூடக் கேட்பதுபோல இருந்தது. உண்மையில் கேட்டதா, அவள் சொன்னதால் கேட்டதா, எனக்குத் தெரியாது.

மேயரும் செத்தவீட்டுக்கு வந்தார். அவர் வரமுன்னரே அவருடைய மலர்வளையம் வந்துவிட்டது. மற்றவர்களுடையதைவிடப் பெரியது, குறுக்கே பட்டியில் அவருடைய பெயர் பெரிய எழுத்தில். தேர்தல் காலம்தானே. அண்ணி, அதாவது இறந்தவரின் மனைவி, கதிரை போட்டு அவரை இருத்திச் சாப்பாடு கொடுத்தார். அவர் பெட்டியருகே நின்று நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த நேரம் குஞ்சு கொத்துவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது என்று அண்ணி சொன்னதாக இவள் சொன்னாள். துக்கவீட்டில் இப்படிக் கதைகள் பிறக்கும். எங்கள் ஊரிலும் பிறக்கும்.

அடக்கம் முடிய முன்னரே கட்சிக்காரர் அண்ணியிடம் வந்துவிட்டார்கள். அவர்களுடைய சட்டப்படி வேட்பாளர் இறந்தால் அதே கட்சியிலிருந்து இன்னொருவர் நிற்கலாம். அதே குடும்பப்பெயர் உள்ளவர் நின்றால் இன்னொரு வசதி இருந்தது. சனம் பழைய பெயரை எழுதினாலும் வாக்கு வீணாகாது, புதியவரின் கணக்கில் சேரும். அண்ணி வேண்டாம் என்று ஒருநாள் முழுக்க அழுதார். அடுத்த நாள் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப சனம் ஆருக்கு வோட்டுப் போடப்போகுது? உன்ரை அண்ணாவுக்கோ, அண்ணிக்கோ?" என்று கேட்டேன்.

"அண்ணாவின்ரை பேரை எழுதுவினம். அண்ணி போய் இருப்பா."

அதன் பிறகு ஒரு மாலை. நான் குசினியில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரிங் அடித்து நின்றது. நான் எழுந்து அரிசியை அளந்து, கழுவி, தண்ணீரை வடித்து, பானையில் போட்ட பிறகுதான் அவர் செத்துப்போனவர் என்பது எனக்கு உறைத்தது. கை ஈரத்தோடு அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டிலும் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அவள் உள்ளே வந்து கதிரையில் இருந்தாள்.

"உங்களுக்கும் கேட்டதோ, ஆத்தே?"

"ஓம்" என்றேன்.

அப்போது எங்கள் தொலைபேசிகளில் வெளிநாட்டு இலக்கம் விழாது. 'தெரியாத அழைப்பு' என்று பிரெஞ்சில் ஒரு சொல் மட்டும் வரும். யாரோ தவறி அழைத்திருப்பார்கள் என்றேன். அடுத்த நாளும் ஏழு மணிக்கு ஒரு ரிங். அதற்கடுத்த நாளும். அவள் அண்ணனின் இலக்கத்துக்குத் திரும்ப எடுத்தாள். மறுமுனையில் எடுத்தார்கள். பேச்சில்லை. ஒரு மூச்சும், தூரத்தில் சேவல்களும். இவள் "ஆர்?" என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள்.

அண்ணி, இனி அந்த இலக்கத்துக்கு எடுக்கவே வேண்டாம் என்றார். போன் கொலைகாரர்களிடம் இருக்கிறது, உன்னையும் மிரட்டுகிறார்கள் என்றார். என் கணவருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவர் உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வரும்போது நாங்கள் இரண்டு பெண்களும் ஒரு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பதைக் காண்பார்.

"என்னப்பா இது? அந்த ஒயரைக் கழட்டிவிடச் சொல்லுமன்" என்றார்.

அவள் கழற்றவில்லை. "அண்ணா எடுக்கிற நேரத்துக்குத்தானே வருது" என்றாள்.

அந்த நாட்களில்தான் இன்னொன்று நடந்தது. மகளோடு மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். அவள் சன்னலில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினாள். முன் இருக்கையில் இருந்த பிலிப்பினோ அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார். அவரும் அதே மாகாணமாம். "இந்த ஆளைச் சாகடிச்சுப்போட்டாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். தெரியும் என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனார். மகளை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். ஆனால் கால்களை அந்தத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டே வந்தாள்.

தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும். ஸ்பீக்கரில் அண்ணியோடு இவள் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் மகளைக் கூட்டிப்போக வந்தவள் கதவருகே நின்றேன். அண்ணி நடுவில் பேச்சை நிறுத்தினார். பின்னால் தூரத்தில் ஒரு ஒலிபெருக்கி. அது மெல்ல மெல்லக் கிட்ட வந்தது. நாய் குரைத்தது, ஆனால் கோபத்தில் அல்ல, வீட்டுக்காரர் வந்தால் குரைக்குமே, அப்படி. பிறகு அந்தக் கரகரத்த குரல் மேசையில் இருந்த போனுக்குள்ளிருந்து வந்தது. வணக்கம் அயலவரே, நான்தான். என்னை மறந்துபோகாதேங்கோ.

புதிதாகப் பதிவு செய்ய நேரமில்லை, அதனால் பழைய சீடியையே போட்டு வண்டியை விட்டிருந்தார்கள். குரல் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. பிறகுதான் அண்ணி மூச்சு விட்டார்.

"ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு வாறார்" என்றார். "நாய் கேற்றடிக்கு ஓடுது. பிறகு கேற்றைப் பாத்துக்கொண்டு படுத்துக்கிடக்குது."

வண்டி வருகிறது என்று அவர் சொல்லவில்லை. வாறார் என்றுதான் சொன்னார்.

வாக்களிப்புக்கு இரண்டொரு நாள் முன்னர் அந்த ஒற்றை ரிங் வந்தபோது நான் அவள் வீட்டில் இருந்தேன். இவள் உடனே கார்டைச் சுரண்டித் திரும்ப எடுத்தாள். எடுத்தவுடன் மறுபக்கம் பேசக் காத்திருக்காமல் இவளே பேசத் தொடங்கினாள். எனக்கு அந்த மொழி தெரியாது. குரல் மட்டும் தெரிந்தது. முதலில் கோபம், பிறகு கெஞ்சல், பிறகு சொல்லே இல்லாத அழுகை. அப்போது மறுமுனையில் ஒரு ஆண் குரல் பேசியது. இளைய குரல், நடுங்கியது. இவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

அது ஜீப் ஓட்டியவன்.

அண்ணன் சாய்ந்து விழுந்தபோது மடியில் இருந்த போன் அவன் கையில் வந்துவிட்டது. அதோடு ஓடியவன் வேறொரு தீவில், சொந்தக்காரரின் சேவல் பண்ணையில் ஒளிந்திருந்தான். சுட்டவர்களை அவன் கண்டிருந்தான். வீட்டாருக்கு எடுத்தால் தன்னைத்தான் சந்தேகிப்பார்கள் என்று பயம். அந்த ஊரில் யாருக்கு எடுத்தாலும் அது யாருடைய காதுக்குப் போகும் என்று தெரியாது. அண்ணன் ஒவ்வொரு காலையும் தங்கச்சிக்கு ஒரு ரிங் விடுவதை அவன் பக்கத்தில் இருந்து பார்த்தவன். உலகத்திலேயே ஆபத்தில்லாத இலக்கம் அதுதான் என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. ஆனால் ரிங் விட்டுவிட்டு, அவள் திரும்ப எடுத்ததும் வாய் வரவில்லையாம்.

"என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

"அண்ணி வோட்டு எண்ணுற அண்டைக்கு ஜீப்பிலை போகக் கூடாதாம். வீட்டிலையும் நிக்கக் கூடாதாம்."

"செய்தது ஆராம்?"

"பெரிய மலர்வளையம் அனுப்பினவர்" என்றாள்.

அன்றைக்கே அண்ணியிடம் சொன்னாள். அண்ணி கத்தவில்லை, அதிரவும் இல்லை. "தெரியும்" என்றார். பெட்டியருகே அந்த மனிதர் நின்ற விதத்திலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலோடு ஒட்டிய கன்னியாஸ்திரிகளின் மடத்துக்குப் போய்விட்டார்.

அவர்களுக்குத் திங்கட்கிழமை வாக்களிப்பு. எங்களுக்கு அது ஞாயிறு மாலை. கனடாவில் அன்று அன்னையர் தினம். முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு பூக் கொடுத்தோம். பிள்ளைகள் வராத அம்மாக்கள் பூவை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் குனிந்து, கன்னத்தில் கன்னம் வைத்து, பிரெஞ்சில் வாழ்த்துச் சொன்னாள். பார்த்தவர்கள் யாரும் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அங்கே வாக்கு எண்ணுவது பள்ளிக்கூட வகுப்பறைகளில், வாக்களித்த அதே இடத்தில். ஆசிரியைகள்தான் எண்ணுவார்கள். ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, அதில் எழுதியிருக்கும் பெயர்களைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இன்னொருவர் கரும்பலகையில் ஒட்டிய தாளில் கோடு கீறுவார். சனம் சன்னலில் நின்று கேட்கலாம். திங்கள் விடியற்காலை, வேலைக்குப் போக முன்னர், அவள் கதவைத் தட்டினாள். அவளுடைய மச்சாள் ஒருத்தி வகுப்பறைச் சன்னலில் நின்றுகொண்டு போனை உள்ளே நீட்டிப் பிடித்திருந்தாள்.

நானும் போய் இருந்தேன். மேசையில் அந்தப் போன். வெளியே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, அங்கே இருட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறார்கள் என்று மச்சாள் கிசுகிசுத்தாள். ஒரு பெண்ணின் களைத்த குரல் பெயர்களை வாசித்துக்கொண்டே போனது. எனக்கு அவை வெறும் ஓசைகள். திடீரென்று அவற்றின் நடுவே அந்த ஒற்றை அசை. மணியில் ஒரு தட்டு. பிறகு வேறு பெயர்கள். அடுத்த சீட்டு. மறுபடியும் அது.

அந்த ஆசிரியை அண்ணனைப் பள்ளியில் படிப்பித்தவராம். குரல் ஒருமுறையும் தடுமாறவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் யாரோ ஒருவர், தனியாக உட்கார்ந்து, தன் கையெழுத்தில், புதைத்த மனிதரின் பெயரை எழுதியிருந்தார். அந்தப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறைக்குள் வந்துகொண்டிருந்தன. அதுவரை என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு தடவைதான் வாக்களிக்கப் போயிருந்தேன், யாழ்ப்பாணத்தில். "உங்கட வோட்டுப் போட்டாச்சு, தங்கச்சி" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு முன்னால் வந்து நானாகிப் போனது யார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் அந்த விடியற்காலையில் கேட்டது வேறு. அங்கே உயிரோடு இருந்தவர்கள் ஒருவரை மெல்ல மெல்லக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் கூப்பிட்டால் அவர் எழுந்து அறைக்குள் வந்துவிடுவார் போல இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பெயர் வரும் ஒவ்வொரு தடவையும் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் அவளை எழுப்பினேன்.

அண்ணி வென்றார். எல்லா நகரசபை வேட்பாளர்களிலும் அவருக்குத்தான் கூடுதலான வாக்குகள். மேயரும் வென்றார், மறுபடியும் மேயரானார். அண்ணியை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அந்த எச்சரிக்கை உண்மையா, பயந்தவனின் கற்பனையா என்பதை இனி அறிய வழியில்லை. வென்ற பிறகு அந்த ரிங் வரவில்லை. அவள் எடுத்துப் பார்த்தாள். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. ஓட்டியவன் சாட்சி சொல்ல வரவில்லை. வழக்கும் எங்கும் போகவில்லை.

அடுத்த ஆண்டு இலைகள் கொட்டி முடிந்த காலத்தில் மொன்ட்ரியாலில் நகரசபைத் தேர்தல் வந்தது. கோட்-டெ-நெய்ஜ் நெடுக விளக்குக் கம்பங்களில் வேட்பாளர்களின் முகங்களைக் கட்டிவிட்டார்கள். வேலைக்குப் போகும் வழியில் அவள் தெருவின் மறுபக்கத்துக்கு மாறினாள். அங்கேயும் கம்பங்கள் இருந்தன. பிறகு தலையைக் குனிந்துகொண்டே நடக்கப் பழகிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் குடியுரிமை கிடைத்திருந்தது. வாக்களிக்கப் போனபோது துணைக்கு வந்தாள். ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். மேசைகளில் வயதானவர்கள் இருந்தார்கள். ஒருவர் பின்னிக்கொண்டிருந்தார். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. நான் பென்சிலால் ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டு வந்தேன். "வோட்டுப் போட விட்டவையோ?" என்று கேட்டாள். விட்டார்கள் என்றேன். வாசலில் நின்று உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சையும் இப்பிடிச் சத்தமில்லாமல்தான் நடக்குதோ எல்லாம்?" என்றாள்.

எல்லாம் என்று எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் அங்கே மறுபடியும் தேர்தல். அண்ணி உபமேயர் பதவிக்கு நிற்கிறார் என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னாள். நான் சந்தோஷப்பட்டேன். "எந்த அணியிலை?" என்று கேட்டேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"மேயரின்ரை அணியிலை."

அவள் அண்ணியோடு சண்டை பிடித்திருந்தாள். எப்படி அந்த மனிதரோடு ஒரே மேடையில் நிற்கிறீர்கள் என்று கேட்டாளாம். அண்ணி அழவில்லை. "நான் எதிர்ப்பக்கம் நிண்டால் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் பயப்பட வேணும். அவருக்குப் பக்கத்திலை நிண்டால் என்ரை பிள்ளையள் பள்ளிக்கூடம் போய் வரலாம். நீ மொன்ட்ரியாலிலை இருக்கிறாய்" என்றாராம். அதற்குப் பிறகு இவள் பேச்சில் அண்ணியைப் பற்றி ஒரு கடுமையான சொல்லையும் நான் கேட்கவில்லை. அண்ணி உபமேயரானார்.

அதற்குள் இவளுக்குப் பத்திரங்கள் கிடைத்துவிட்டன. அடுத்த வருடம் ஊருக்குப் போனாள். அண்ணனின் கல்லறைக்குப் பூ வைத்தாள். மடத்துக்குப் போய்க் கன்னியாஸ்திரிகளைக் கண்டு நன்றி சொன்னாள். ஊர்த் திருவிழா நாளில் நகரசபை மண்டபத்தில் விருந்து. அண்ணி கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மேயருக்கு அறிமுகம் செய்திருக்கிறார்.

திரும்பி வந்த கிழமை இருவரும் கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கப் போனோம். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கேதான் சொன்னாள்.

"நல்ல மனிசன் மாதிரித்தான் இருக்கிறார், ஆத்தே. கை மெத்தெண்டு இருந்தது. என்ரை கையை இரண்டு கையாலும் பிடிச்சவர். உங்கட அண்ணா என்ரை நண்பன் எண்டவர். கண் கலங்கினது. பொய்க் கண்ணீர் இல்லை. நான் கிட்ட நிண்டு பாத்தனான்."

"நீ என்ன சொன்னனீ?"

"நன்றி எண்டு சொன்னனான்."

பிறகு கொஞ்ச நேரம் உடுப்புகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோட்-டெ-நெய்ஜிலை இப்பவும் குளிரோ எண்டு கேட்டவர். மொன்ட்ரியால் எண்டு கேக்கேல்லை. கோட்-டெ-நெய்ஜ் எண்டவர். அங்கை ஒருத்தருக்கும் அந்தப் பேர் வாயிலை வராது. அவர் பிழையில்லாமல் சொன்னவர்."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அண்ணிதான் சொல்லியிருப்பார், ஒன்றாக வேலை செய்கிறவர்கள் குடும்பக் கதை பேசாமலா இருப்பார்கள், அந்த மனிதர் ஏதோ மரியாதைக்குக் கேட்டிருப்பார் என்றார். அப்படித்தான் இருக்கும். நானும் அவளுக்கு அதையே சொன்னேன். ஓம், அப்படித்தான் இருக்கும் என்று அவளும் சொன்னாள்.

அந்தக் கோடையிலேயே அவள் வீடு மாறினாள். நகரத்தின் வேறொரு பகுதியில், வில்லரேயில், ஒரு மாடி வீடு, சின்ன பல்கனியோடு. நானும் என் கணவரும்தான் சாமான் ஏற்றிக் கொடுத்தோம். மகள் புதிய வீட்டின் படிகளில் மேலும் கீழும் ஓடி விளையாடினாள். தேநீர் குடிக்கும்போது, புதிய விலாசத்தை அண்ணியிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். பேந்து சொல்வேன் என்றாள். அதன் பிறகு பல வருடங்கள் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நான் திரும்பவும் அதைக் கேட்கவில்லை.